காலை எடுங்க

கருகல் வாடை முதலில் என் மூக்குக்குத்தான் வந்தது. ரயில்வே மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில் இருந்தோம். எஞ்சின் போட்ட கூச்சலுக்கு வண்டி இந்நேரம் பாலத்தின் அந்தப் பக்கம் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் அது நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியாமல் ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னால் வந்த பேருந்துக்காரர் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை.

“என்னங்க, ஏதோ கருகுற வாடை வருது.”

“முன்னாடி போற லாரி. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்.”

முன்னால் லாரியே இல்லை. வாழைத்தார் ஏற்றிய ஒரு சின்ன வண்டி போய்க்கொண்டிருந்தது. அதுவும் எங்களை விட்டுவிட்டுப் பாலத்தின் உச்சிக்குப் போய்விட்டது. எங்கள் வண்டி ஒரு கணம் பின்னால் சரிந்த மாதிரி இருந்தது. நான் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். இவர் ஆக்சிலேட்டரை இன்னும் மிதித்தார். கூச்சல் கூடியது, வேகம் கூடவில்லை. எப்படியோ உச்சியைத் தொட்டு இறங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

என் கணவர் வேலை பார்த்த காலம் முழுக்க அரசுத் துறை ஒன்றில் ஜீப் ஓட்டியவர். அதிகாரிகளைக் கொடைக்கானல் மலைக்கு ஏற்றி இறக்கியே தலை நரைத்தவர். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்பார், அது உண்மைதான். திண்டுக்கல்லில் கிளட்ச் மிதிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர் என்று அவருக்கு நினைப்பு. அந்த இன்னொருவர் யார் என்று இதுவரை சொன்னதில்லை.

நான் இல்லை என்பது மட்டும் நிச்சயம். மகள் வற்புறுத்தி என்னை டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டாள். முறையாகப் படித்து லைசென்சும் வாங்கினேன். வாங்கி என்ன செய்ய? இவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “காலை எடு! காலை எடு! கிளட்ச் எரியுது பாரு, காலை எடு!” என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவார். ஒரு நாள் நடுரோட்டில் வண்டியை அணைத்து, சாவியை அவர் கையில் திணித்துவிட்டு, நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றிலிருந்து லைசென்ஸ் பீரோவில் ரேஷன் கார்டோடு தூங்குகிறது.

அதற்குப் பிறகு அந்த இரண்டு வார்த்தைக்கு எங்கள் வீட்டில் வேறு அர்த்தம் வந்துவிட்டது. இவருடைய அண்ணனுக்குச் சர்க்கரை முற்றி, காலில் ஒரு சின்னப் புண்ணில் ஆரம்பித்து, கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். அடுத்த வருஷம் ஆளே இல்லை. தம்பியான இவரும் அண்ணன் வழியில் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். ஆகவே ‘காலை எடு’ என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. டிவி முன்னால் நீட்டி உட்கார்ந்திருப்பவரைத் தாண்ட வேண்டும் என்றால்கூட ‘காலை மடக்கு’ என்றுதான் சொல்வோம். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. தானாக அப்படி ஆகிவிட்டது.

இந்த வருஷம் பழனிக்கு நடக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு மாலை போட்டு நடந்தே போனவருக்கு அது பெரிய அடி. மெத்தென்று ஒரு செருப்பு கொடுத்து, வீட்டுக்குள்ளேயும் இதைப் போட்டுத்தான் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். இவர் என்ன செய்தார்? மாலையைப் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றி அலமாரிக்குக் கீழே தள்ளிவிட்டார்.

“மாலை போட்டா வெறுங்கால்தான். நடக்கக் கூடாதுன்னு சொன்னாரு, நான் நடக்கல. காருலதான போறேன்?”

இந்த வக்கீல் பேச்சுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது என்பதில்லை. சொன்னால் மாலை போட்டவரைத் திட்டிய பாவம் என்று நாலு பேர் வருவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பூசக் கூட்டம் வடிந்ததும் மகள் திருச்சியிலிருந்து கைக்குழந்தையோடு வருவதாக இருந்தது. பேரனுக்குப் பழனியில் முதல் மொட்டை. “என் பேரன் என் வண்டியிலதான் மலையடிவாரத்துல போயி இறங்கணும்” என்று இவர் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். மேம்பாலத்தில் வண்டி பின்னால் சரிந்ததே, அந்த ஒரு கணம் எனக்குள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் என் மகளும் அவள் மடியில் அந்தப் பச்சைப் பிள்ளையும் இருந்திருந்தால்? பின்னால் பேருந்து இருந்ததே.

“மெக்கானிக்கிட்டக் காட்டாம இந்த வண்டியில ஒருத்தரும் ஏறப் போறதில்ல” என்றேன். என் குரலைக் கேட்டு அவர் பட்டறைக்குக் கிளம்பினார்.

பட்டறை பழனி ரோட்டில் இருக்கிறது. மெக்கானிக் எங்களுக்குப் பல வருஷப் பழக்கம். வாய் கொஞ்சம் அதிகம். அவர் செய்த வேலையில் குறை சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். இதே வண்டிக்கு ஆயுத பூஜைக்குச் சற்று முன்னால்தான் அவர் புதுக் கிளட்ச் பிளேட் போட்டுக் கொடுத்திருந்தார். அதனால் வாடை என்று நான் சொன்னதுமே அவர் முகம் சுருங்கிவிட்டது.

“இருங்க, பாத்துருவோம்” என்று ஏறி உட்கார்ந்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். வண்டியை உயிர்ப்பித்து நாலாவது கியரில் போட்டார். “இப்பக் கிளட்ச மெதுவா விடுவேன் அக்கா. பிளேட் நல்லாருந்தா எஞ்சின் டக்குனு அணையணும். வழுக்கிட்டு ஓடிக்கிட்டே இருந்தா பிளேட் போச்சுன்னு அர்த்தம்.”

விட்டார். எஞ்சின் அணையவில்லை. வண்டி மொத்தமும் நடுங்கியது. முக்கியது, முனகியது. நான் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் ஒரு விக்கலோடு அணைந்தது.

“பாத்தீங்களா, செத்த நேரம் முக்கிட்டுத்தான் நின்னுச்சு. பிளேட் பாதி போயிருச்சு” என்றார் மெக்கானிக்.

“நின்னுச்சுல்ல? நின்னா நல்லாருக்குன்னு நீதான சொன்ன?” என்றார் இவர்.

“டக்குனு நிக்கணும் சாமி.”

மாலை போட்டவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அது ஒன்றுதான் அன்றைக்குச் சண்டையைக் கொஞ்சம் தணித்து வைத்திருந்தது.

“இப்பத்தான போட்ட? அதுக்குள்ள எப்படிப் போகும்? டூப்ளிகேட்டப் போட்டுட்டியா?”

“டூப்ளிகேட்டா? உங்க கண்ணு முன்னாடிதான டப்பாவப் பிரிச்சேன்? மாலை போட்டுக்கிட்டு இப்படிப் பேசலாமா சாமி?” மெக்கானிக் இறங்கி, கதவைத் திறந்தபடி குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். “இந்தா, பெடல் ரப்பரப் பாருங்க. ஒரு பக்கமாத் தேஞ்சு பளபளன்னு இருக்கு. நீங்க கால எடுக்கிறதே இல்ல. கிளட்ச் மேலயே வச்சு ஓட்டுறீங்க. அப்படி ஓட்டுனா எந்தக் கம்பெனிப் பிளேட்டும் தாங்காது.”

இவர் முகம் கறுத்துவிட்டது. ஆயுள் முழுக்க அடுத்தவர்களைச் சொல்லி வந்ததை யாரோ தன்னைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

“கிளட்ச் மேல கால வச்சு ஓட்டுறவன் நான் இல்ல” என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கவலை குறைவாக இருந்திருக்கும்.

மெக்கானிக்குக்கே சங்கடமாகிப் பேச்சை மாற்றினார். “அக்கா, பூஜைக்கு நீங்க வச்ச குங்குமம் பெடல்ல இன்னும் அழியவே இல்ல பாருங்க.”

அது எனக்குத் தெரியும். ஆயுத பூஜையன்று ஸ்டியரிங்குக்கு, டயருக்கு எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தபோது, புதுசாகப் போட்ட கிளட்ச் நிலைக்கட்டும் என்று அந்தப் பெடலுக்கும் ஒரு பொட்டு வைத்தேன். “மிதிக்கிற எடத்துல யாராச்சும் குங்குமம் வைப்பாங்களா?” என்று இவர்கூடக் கேலி செய்தார். போன வெள்ளிக்கிழமை வண்டியைத் துடைத்தபோது பார்த்தேன், பெடலில் செக்கச் சிவந்து காய்ந்த கறையாக அது இருந்தது. இத்தனை மாசம் மிதிபட்டும் அழியவில்லையே என்று மனசு குளிர்ந்துவிட்டது. ஈர விரலால் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். அந்த இடத்தை மட்டும் துடைக்காமல் விட்டேன்.

மெக்கானிக் கேபிளைச் சரிபண்ணிக் கொடுத்தார். “இப்போதைக்கு ஓடும். மேடு ஏத்தாதீங்க. பழனிக்குப் போறதா இருந்தா மாத்திட்டுத்தான் போகணும். கூட்டம் வடிஞ்சாலும் உருட்டி உருட்டித்தான் போகணும், பாதி வழில படுத்துரும்.” பிறகு என் பக்கம் திரும்பி, இவர் காதில் விழாதபடி, “ஆனா கால் இப்படியே இருந்தா மாத்தியும் பிரயோஜனம் இல்லக்கா” என்றார்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மெக்கானிக் காலைச் சொல்கிறார், இவர் பிளேட்டைச் சொல்கிறார். யார் சொல்வது சரி? பிளேட் மட்டமானது என்றால் மாற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம், அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. கால் வைக்கவில்லை என்றால் வைக்கவில்லைதான். அப்படியானால் அந்த ரப்பர் ஏன் ஒரு பக்கமாகத் தேய்ந்தது?

மகள் போனில், “எதுக்கும்மா இம்புட்டு டென்ஷன்? ஒரு டாக்ஸி வச்சுக்கலாம்” என்றாள். ஸ்பீக்கரில் இருந்தது. அவர் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்குச் சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். மாத்திரையையும் போடவில்லை. பேரனை அவர் வண்டியில் ஏற்ற முடியாது என்று நான் சொன்னால் மனுஷன் உடைந்துபோவார். சொல்லாமல் விட்டு வழியில் ஏதாவது ஆகிவிட்டால்? இதை வேறு யாரும் முடிவு செய்ய முடியாது, என் கண்ணால் பார்த்தால்தான் உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

மொட்டைக்கு வருகிறவர்களுக்குச் சுங்குடிச் சேலை எடுக்க வேண்டியிருந்தது. “சின்னாளப்பட்டிக்குப் போயிட்டு வந்துருவோம். மேடு பள்ளம் இல்லாத ரோடுதான” என்றேன். அவர் உடனே கிளம்பினார். தன் காலை நிரூபிக்க அவருக்கும் ஒரு சந்தர்ப்பம் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

மதுரை ரோட்டில் அந்தப் பக்கமிருந்து பழனிக்கு நடக்கிறவர்கள் சாரி சாரியாக வந்துகொண்டிருந்தார்கள். பச்சை வேட்டி, பச்சைச் சேலை, தலையில் மூட்டை, தோளில் காவடி. ரோட்டின் ஓரம் முழுக்க அவர்கள்தான். இவர் ஒவ்வொரு கூட்டத்தைப் பார்த்ததும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கும்பிட்டார். நான் அவர்களைப் பார்க்கவில்லை. இவருடைய வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை வேட்டி பாதம் வரை இறங்கி, பெடலையும் காலையும் சேர்த்து மறைத்திருந்தது.

ஊர் தாண்டியதும் ரோடு காலியானது. நாலாவது கியரில் சீராகப் போய்க்கொண்டிருந்தோம். இடது காலுக்கு வேலையே இல்லாத நேரம். தண்ணீர் பாட்டிலை எடுப்பது போலக் குனிந்து, வேட்டியின் நுனியை இரண்டு விரலால் தூக்கினேன்.

கால் கிளட்ச் மேல் இருந்தது. சும்மா தொட்டுக்கொண்டு இல்லை. நன்றாக அழுத்தி, வைத்துவிட்டு மறந்துபோன சாமான் மாதிரி, பெடலின் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

எனக்கு அப்படிக் கோபம் வந்தது. மெக்கானிக்கை அத்தனை பேர் முன்னால் டூப்ளிகேட் என்றாரே! வாய் தவறி அந்த வார்த்தையே வந்துவிட்டது.

“காலை எடுங்க!”

அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை அல்லவா. பிறகு, “எடுத்துத்தான இருக்கு” என்றார்.

“கிளட்ச் மேல இருக்கு. எடுங்கன்னா எடுங்க!”

“அட, எடுத்துட்டேன்டி. கீழ வச்சிருக்கேன்.”

கால் அசையவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், கால் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அவர் என்னிடம் சாதிக்கவில்லை, சமாளிக்கவில்லை. முகத்தில் துளி கள்ளம் இல்லை. எடுத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

“ஓரமா நிறுத்துங்க” என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் முன்னால் ஒரு மோர்ப் பந்தல் வந்துவிட்டது. மோர் குடிப்பதற்காக எதிர்ப் பக்கத்துக் கூட்டம் ஒன்று ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. நடுவில், இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண். இவர் பிரேக்கை மிதித்தார். கிளட்சையும் மிதித்ததாக நினைத்திருப்பார். வண்டி குதித்தது, உதறியது, தடதடவென்று ஆடி, அந்தப் பெண்ணுக்குக் கை எட்டும் தூரத்தில் அணைந்து நின்றது. பிள்ளை வீரிட்டு அழுதது. கூட்டத்தில் ஒருவர் பானெட்டில் ஓங்கி அடித்தார். அடித்தவர் இவர் கழுத்து மாலையைப் பார்த்ததும் கையை இறக்கி, “சாமி, பாத்து வாங்க சாமி” என்றார்.

இவருக்கு வேர்த்துக் கொட்டியது.

“பாத்தியா? கிளட்ச் கட்டே ஆகல. மிதிக்கிறேன், கட்டாகல. கிளட்ச மாத்தித்தான் ஆகணும். நீ சொன்னதுதான் சரி.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், நான் சொன்னது சரி என்று அவர் ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான். அழுகைதான் வந்தது. இறங்கி, சுற்றி வந்து, அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன். கால் இன்னும் பெடலில்தான் இருந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தூக்கினேன்.

“என்ன செய்யிற? எல்லாரும் பாக்கிறாங்க.”

பெடலில் என் குங்குமம் பளபளவென்று ஈரமாக இருந்தது. குங்குமம் எப்படி ஈரமாகும்? தொட்டேன். விரலில் பிசுபிசுத்தது. காலைத் திருப்பிப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே, சதைப்பிடிப்பான இடத்தில் ஒரு கருவேல முள் முனை ஒடிந்து உள்ளே இருந்தது. புதிதாகக் குத்தியது இல்லை. சுற்றிலும் வெளுத்துப்போய், நடுவில் கறுத்து, அழுத்திய இடத்திலிருந்து ரத்தமும் நீரும் வந்தன. எத்தனை நாளாக அந்த முள்ளை வைத்துக்கொண்டு நடந்தார், எத்தனை நாளாக அதை வைத்தே கிளட்சை மிதித்தார் என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை நான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது இந்த ரத்தத்தைத்தான். அந்த நினைப்பு வந்ததும் முந்தானையால் கண்ணை அழுந்தத் துடைத்தேன். துடைத்து என்ன ஆகப் போகிறது?

“இது எப்பங்க குத்துச்சு?”

அவர் குனிந்து, யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“தெரியலையே” என்றார். பிறகு, “வலிக்கவே இல்லையே” என்றார். காலில் உணர்ச்சியே இல்லை என்று அப்போதுதான் அவருக்கும் புரிந்தது. உதடு கோணிக்கொண்டு போனது. அவரை ஓங்கி அறைய வேண்டும் போலவும், கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. நடுரோட்டில் இரண்டையுமே செய்ய முடியாது. பந்தலில் தண்ணீர் வாங்கிக் காலைக் கழுவி, என் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டினேன்.

“ஆட்டோ வருதான்னு பாரு” என்றார்.

காத்திருக்கிற பொறுமை எனக்கு இல்லை. “அந்தப் பக்கம் போயி உக்காருங்க” என்றேன். அவர் இறங்கி, நான் உட்கார்ந்திருந்த இடத்தில் போய் உட்கார்ந்தார்.

நான் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தேன். சீட் பின்னால் தள்ளிக் கிடந்தது. நுனியில் உட்கார்ந்தால்தான் கிளட்சுக்குக் கால் எட்டியது. மூன்று தடவை அணைத்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்தினேன். வண்டி இழுக்கவில்லை. எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் மட்டும் கத்தியது. அதே கருகல் வாடை. வழி நெடுகப் பச்சை உடுத்தியவர்கள். ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் இவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். ஒரு தடவையாவது திட்டித் தொலையுங்களேன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கடைசியில், காலை எடு, காலை எடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓட்டினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சின்ன மேடு. வண்டி அதில் ஏறவில்லை. எஞ்சின் அலறியது, சக்கரம் சுற்றவே இல்லை. போகிற வருகிறவர்கள் பின்னாலிருந்து தள்ளித்தான் உள்ளே கொண்டுவந்தார்கள். அதோடு அந்தக் கிளட்சின் கதை முடிந்தது.

டாக்டர் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, நுனியில் மெல்லிய நைலான் நரம்பு வைத்த ஒரு குச்சியை எடுத்தார். முன்பு ஒரு தடவையும் இதே குச்சியால் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டுக் கேட்டிருக்கிறார். அப்போது இவர் குனிந்து பார்த்துக்கொண்டே ‘தெரியுது, தெரியுது’ என்று சொல்லித் தப்பித்துவிட்டார். இந்த முறை டாக்டர் விடவில்லை.

“கண்ண நல்லா மூடிக்கோங்க. நான் தொடும்போதெல்லாம் சொல்லுங்க.”

இவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இறுக்க மூடிக்கொண்டார். டாக்டர் பெருவிரலில் தொட்டார். நடுவில் தொட்டார். குதிகாலில் அழுத்தினார். நைலான் நரம்பு வளைந்தது. இவர் கவனமாகக் காத்துக்கொண்டிருந்தார். டாக்டர் வலது காலுக்கும் போய், அங்கேயும் விரல் விரலாகத் தொட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“நான் ரெடி டாக்டர். ஆரம்பிங்க” என்றார் இவர், கண்ணை மூடியபடியே.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

முள்ளை எடுத்தார்கள். எக்ஸ்ரேக்கு அனுப்பினார்கள். எலும்பு வரை போயிருக்கிறதா என்று அதில்தான் தெரியும் என்றார்கள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவர் கை என் கையைத் தேடி வந்தது. ஜில்லென்று இருந்தது. அவருடைய அண்ணனுக்காக நாங்கள் இதே மாதிரி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தது இருவருக்கும் ஞாபகம் இருந்தது.

“எடுத்துருவாங்களா?” என்று கேட்டார். எதை என்று சொல்லவில்லை.

“வாய மூடுங்க” என்றேன். வேறு எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கையை மட்டும் விடவில்லை. முருகா, மொட்டை பேரனுக்கு மட்டும் இல்லை, எனக்கும் சேர்த்து அடிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

கூப்பிட்டார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, நீண்ட நேரம் பார்த்தார். “எலும்புக்குப் போகல” என்றார். “இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தீங்கன்னா நான் வேற மாதிரி பேசிக்கிட்டு இருப்பேன். மாலையோட அந்தச் செருப்பையும் சேத்துப் போடுங்க, முருகன் கோச்சுக்க மாட்டாரு.” பிறகு கொஞ்சம் நிறுத்தி, “வண்டி ஓட்டுறத இதோட விட்டுருங்க. கிளட்ச் இல்லாத வண்டியும் வேண்டாம். பிரேக் மிதிக்கிற காலும் இதே வழியிலதான் போய்க்கிட்டு இருக்கு” என்றார்.

அவர் தலையை ஆட்டினார். கால் பிழைத்த சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால், காலையே எடுத்துவிட்ட மாதிரிதான் இருந்தது.

புண் ஆறும் வரை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். மறுநாள் மெக்கானிக் எனக்குப் போன் செய்தார். வண்டியை அவர்தான் கட்டி இழுத்துக்கொண்டு போயிருந்தார்.

“அக்கா, பிரிச்சுட்டேன். பிளேட் அப்பளமாத் தேஞ்சு கெடக்கு. மாத்தணுமா, என்ன செய்யட்டும்? கோச்சுக்காதீங்க, அதே கால்தான்னா புதுசு போடுறது வேஸ்ட். பேசாம வண்டியவே தள்ளிவிட்டுரலாம்.”

நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது இவர் கையை நீட்டினார். கட்டிலில் சாய்ந்திருந்தார். கட்டுப் போட்ட கால் தலையணை மேல் இருந்தது. போனைக் கொடுத்தேன்.

“மாத்திரு தம்பி” என்றார். குரல் உடைந்து, பிறகு தேறியது. “நான் காலை எடுத்துட்டேன்.”

அந்தப் பக்கம் மெக்கானிக் அலறியது எனக்கே கேட்டது. “ஐயோ சாமி! காலை எடுத்துட்டாங்களா? அக்கா ஒண்ணுமே சொல்லலையே!”

“ஆஸ்பத்திரியில இல்லப்பா. கிளட்ச்ல இருந்து.”

அப்போதும் அவர் சிரிக்கவில்லை. மெக்கானிக் அங்கே ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இந்தா, நல்லாக் கேட்டுக்க” என்றார் பிறகு, பழைய டிரைவர் குரலில். “கேபிள என் காலுக்கு வைக்காத. இவளுக்குக் கால் குட்டை. பெடல முழுசா மிதிக்காமலே கட்டாகுற மாதிரி வச்சுக் குடு. பேரன ஏத்திக்கிட்டுப் பழனிக்குப் போகணும்.”

போனை என்னிடம் கொடுத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். என் கால் குட்டை என்று இத்தனை வருஷமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது, ஒரு நாளாவது சீட்டை முன்னால் தள்ளிப் போட்டிருப்பாரா என்று கேட்க வாயெடுத்தேன். அழுகை வந்துவிட்டதால் கேட்கவில்லை.